தானம் வேறு, விற்பனை வேறு

(வட்டாரக் கூட்டமைப்பின் ஊக்குநர்கள், பிரதிநிதிகள் கூட்டத்தில் சுகாதாரக் குழுவின் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



மாதா மாதம் இங்கே கூடி சேமிப்பு, சுழல்நிதி, வங்கிக் கடன், ஆடு வளர்ப்பு என்று பேசுவோம். இன்னைக்கு உடல் உறுப்பு தானம் பற்றிப் பேசப் போகிறோம் என்று சொன்னதும், பின் வரிசையில் நாலு பேர் தண்ணீர் குடிக்க எழுந்து போனதைப் பார்த்தோம். "அதெல்லாம் பெரிய ஆஸ்பத்திரி விஷயம், நமக்கு எதுக்கு?" என்று தோன்றும். போன வருஷம் வரைக்கும் நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

நம்ம கூட்டமைப்பிலேயே நடந்த ஒரு சம்பவம்தான் எங்கள் கண்ணைத் திறந்தது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறோம். ஊர், பேர் வேண்டாம்.

ஒரு குழுவில் ஒரு தங்கச்சி. கணவர் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பில் அடி. குழுக் கடன் ஒன்று, தனியார் நிதி நிறுவனத்தின் வாரத் தவணை இரண்டு, அதுவும் போதாமல் வெளியில் வட்டிக்கு வாங்கியது வேறு. மூன்று மாதமாகக் குழுவுக்குத் தவணை வரவில்லை. நாம என்ன செய்தோம்? வழக்கம்போல அபராதம் போட்டோம். நாலு பேர் போய் வாசலில் உட்கார்ந்தோம். "உன்னாலதான் எங்களுக்கு அடுத்த லோன் நிக்குது" என்று தெருவே கேட்கும்படி சொன்னோம்.

நாலாவது மாதம் அந்தத் தங்கச்சி, "மொத்தத்தையும் ஒரே தடவையில கட்டிடறேன்" என்றாள். எப்படி என்று கேட்டால் பதில் இல்லை. அவளுடைய மாமியார்தான் ஊக்குநர் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "ஒருத்தன் வந்து ரத்தம் டெஸ்ட் பண்ணக் கூட்டிட்டுப் போனான்மா. ஒரு கிட்னி கொடுத்தா எல்லாக் கடனும் தீந்துடும்னு சொல்லியிருக்கான்."

அன்று ராத்திரியே குழு கூடியது. போட்ட அபராதத்தை எடுத்தோம். தவணையை நீட்டினோம். வெளிக்கடனை அடைக்கக் கூட்டமைப்பிலிருந்து அவசரக் கடன் வாங்கிக் கொடுத்தோம். அந்தத் தரகன் மறுபடி வரவில்லை. அந்தத் தங்கச்சி இன்று இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறாள். அவள் சம்மதத்தோடுதான் இதைச் சொல்கிறோம்.

எங்களுக்குத்தான் பல நாள் தூக்கம் வரவில்லை. தரகன் ஒரு பக்கம் இழுத்தான், சரி. மறுபக்கம் நின்று தள்ளியது யார்? நாம்தானே?

கிட்னிக்கு ஏன் இவ்வளவு கிராக்கி?

நம் எல்லோருக்கும் முதுகுப் பக்கம், விலா எலும்புக்குக் கீழே இரண்டு சிறுநீரகங்கள் இருக்கின்றன. கைமுட்டி அளவுதான் இருக்கும். ரத்தத்தில் சேரும் கழிவை வடிகட்டுவது அவற்றின் வேலை. சர்க்கரை நோயும் ரத்தக் கொதிப்பும் கவனிக்காமல் விட்டால் சிறுநீரகத்தை மெல்ல மெல்லக் கெடுத்துவிடும். ஒன்றும் தெரியாமல் இருந்துவிட்டு, காலும் முகமும் வீங்கிய பிறகுதான் பலர் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள்.

இரண்டும் செயலிழந்து போனால் வழி இரண்டுதான். ஒன்று டயாலிசிஸ். பெரும்பாலும் வாரத்துக்கு இரண்டு, மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம் மிஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். போகவர பஸ் செலவு, துணைக்கு வருபவரின் கூலி இழப்பு என்று குடும்பமே படுத்துவிடும். இன்னொன்று மாற்று சிறுநீரகம். அது உயிரோடு இருக்கும் ஒருவர் கொடுத்தால் கிடைக்கும், அல்லது மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து கிடைக்கும்.

ஸ்பெயின் நாட்டில் பத்து லட்சம் மக்களுக்கு ஏறத்தாழ 50 பேர் இறப்புக்குப் பின் உறுப்பு தானம் செய்கிறார்கள். இந்தியாவில் பத்து லட்சத்துக்கு ஒருவர்கூட இல்லை. நம்மைப் போன்ற வளரும் நாடுகள் பலவற்றிலும் இதே நிலைமைதான். தேவை மலை அளவு, கிடைப்பது கை அளவு. இந்த இடைவெளியில்தான் தரகன் நுழைகிறான். பணம் இருக்கும் நோயாளி ஒரு பக்கம், கடன் இருக்கும் ஏழை மறுபக்கம், நடுவில் அவன்.

ஊர் மாறும், கதை மாறாது

சென்னையில் வில்லிவாக்கம் என்று ஒரு பகுதி. 1980-களிலும் 90-களிலும் அங்கே கிட்னி விற்றவர்கள் அதிகம் என்பதால் 'கிட்னிவாக்கம்' என்றே பேர் வந்துவிட்டது. இதைத் தடுக்கத்தான் 1994-இல் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் வந்தது. ஆனாலும் நிற்கவில்லை. 2004-இல் சுனாமி வந்து வீடும் படகும் போன குடும்பங்கள் வடசென்னையில் எர்ணாவூர் முகாமில் இருந்தார்கள். அங்கே மீனவப் பெண்கள் பலர் கிட்னியை விற்றிருந்தது 2007-இல் வெளியே வந்தது. நேபாளத்தில் ஹோக்சே என்ற கிராமத்துக்கும் 'கிட்னி கிராமம்' என்று பேர். அங்கிருந்து ஆட்களை இந்தியாவுக்கு அழைத்து வந்து ஆபரேஷன் செய்தார்கள்.

இதெல்லாம் பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 2025 ஜூலையில் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையம் பக்கம் விசைத்தறித் தொழிலாளர்களைத் தரகர்கள் கிட்னி விற்க வைத்தது வெளியானது. அரசு விசாரணை நடத்தியது. உயர் நீதிமன்றம் சிறப்புப் புலனாய்வுக் குழு அமைக்க உத்தரவிட்டது.

வில்லிவாக்கம், எர்ணாவூர், பள்ளிபாளையம், நேபாளம். எல்லா இடத்திலும் இருந்தது வறுமையும் கடனும்தான்.

விற்றவர்கள் கடன் தீர்ந்ததா?

"விற்றாலாவது கடன் தீருமே" என்று மனசுக்குள் யாருக்காவது தோன்றினால், இந்தக் கணக்கைக் கேளுங்கள். 2001-இல் சென்னையில் கிட்னி விற்ற 305 பேரை ஆய்வாளர்கள் நேரில் சந்தித்துக் கேட்டார்கள். அதன் முடிவு 2002-இல் ஒரு பெரிய மருத்துவ இதழில் வந்தது.

விற்றவர்களில் நூற்றுக்கு 71 பேர் பெண்கள். நூற்றுக்கு 96 பேர் கடனை அடைக்கத்தான் விற்றார்கள். கைக்கு வந்தது சராசரியாக 1,070 டாலர். அன்றைய மதிப்பில் சுமார் 50,000 ரூபாய். பேசும்போது சொன்னது இதைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதல். ஆபரேஷன் முடிந்த பிறகு யாரிடம் போய்க் கேட்பது?

சரி, கடன் தீர்ந்ததா? நாலு பேரில் மூன்று பேர் அப்போதும் கடனில்தான் இருந்தார்கள். குடும்ப வருமானம் கூடவில்லை. மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. நூற்றுக்கு 86 பேர் உடம்பு முன்னைப்போல இல்லை என்றார்கள். மற்றவர்களுக்கு இதைச் செய்யச் சொல்வீர்களா என்றதற்கு நூற்றுக்கு 79 பேர் மாட்டோம் என்றார்கள்.

ஏன் இப்படி ஆகிறது? நல்ல ஆரோக்கியம் உள்ளவர், முறையான பரிசோதனைக்குப் பிறகு ஒரு சிறுநீரகத்தைக் கொடுத்துவிட்டு நன்றாக வாழ முடியும். டாக்டர்கள் சொல்வது உண்மைதான். தரகனும் இதையேதான் சொல்வான். ஆனால் ஓய்வு வேண்டும், தொடர்ந்து பரிசோதனை வேண்டும், சாப்பாடு வேண்டும். சொந்த மகனுக்குக் கொடுக்கும் தாயைக் குடும்பம் தாங்கும். விற்றுவிட்டு வரும் பெண்ணை யார் தாங்குவது? அடுத்த மாதமே செங்கல் தூக்க வேண்டும், நாற்று நட வேண்டும். உடம்பு வலிக்கும், வேலை குறையும், கூலி குறையும், மறுபடி கடன். உடம்பில் ஒன்று போனதுதான் மிச்சம்.

சட்டம் என்ன சொல்கிறது?

தாய், தந்தை, மகன், மகள், அண்ணன் தம்பி, அக்கா தங்கை, கணவன், மனைவி ஆகியோர் ஒருவருக்கொருவர் கொடுக்கலாம். 2011-இல் செய்த திருத்தத்தில் தாத்தா பாட்டியும் பேரன் பேத்தியும் சேர்ந்தார்கள். இந்த உறவுக்கு வெளியே ஒருவர் அன்பினால் கொடுக்க விரும்பினால் அங்கீகாரக் குழுவின் அனுமதி வேண்டும். இந்த வழியைத்தான் தரகர்கள் தவறாகப் பயன்படுத்துகிறார்கள். பொய்யான உறவு, பொய்யான காகிதம், "கேட்டா பணம் வாங்கலைன்னு சொல்லு" என்று பாடம்.

பணம் கொடுத்தாலும் குற்றம், வாங்கினாலும் குற்றம், ஏற்பாடு செய்தாலும் குற்றம். 5 முதல் 10 வருஷம் வரை சிறை, 20 லட்சம் முதல் ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். ஐம்பதாயிரத்துக்கும் ஒரு லட்சத்துக்கும் உடம்பைக் கொடுத்துவிட்டு, ஏமாற்றியவன் மேல் புகார் கொடுக்கவும் பயந்து நிற்பவள் நம்ம பெண்தான்.

கொடுப்பது யார், பெறுவது யார்?

சட்டப்படி நடக்கும் தானத்திலும் நாம் யோசிக்க வேண்டிய கணக்கு ஒன்று இருக்கிறது. 2019 முதல் 2023 வரை இந்தியாவில் உயிரோடு இருக்கும்போது உறுப்பு கொடுத்தவர்களில் நூற்றுக்கு 64 பேர் பெண்கள். அதே ஐந்து வருஷத்தில் மாற்று உறுப்பு பெற்றவர்களில் பெண்கள் நூற்றுக்கு 30 பேர்தான். இது அரசின் தேசிய உறுப்பு மாற்று அமைப்பு தந்த கணக்கு.

கணவனுக்கு மனைவி கொடுக்கிறாள், மகனுக்குத் தாய் கொடுக்கிறாள். நல்லதுதான். பிள்ளைக்குக் கொடுக்கும் தாயை யார் தடுக்க முடியும்? ஆனால் மனைவிக்குச் சிறுநீரகம் கெட்டால் என்ன நடக்கிறது? "அவரு சம்பாதிக்கிறவரு, அவர் உடம்பைக் கெடுத்துக்கக் கூடாது" என்று நாமே சொல்கிறோம். நாம் சம்பாதிக்கவில்லையா? குழுக் கடனை யார் கட்டுகிறார்கள்? பெண்ணின் உயிருக்கும் ஆணின் உயிருக்கும் ஒரே மதிப்பு என்பதை வீட்டுக்குள்ளேயே பேசியாக வேண்டும். கொடுக்க விருப்பமில்லை என்று சொல்லவும் ஒரு பெண்ணுக்கு உரிமை உண்டு.

அப்போ தீர்வு எங்கே?

உயிரோடு இருப்பவர் மேல் கைவைக்காமல் உறுப்பு கிடைக்க ஒரு வழி இருக்கிறது. இறப்புக்குப் பின் தானம். இதற்கு மூளைச்சாவு என்றால் என்ன என்று தெரிய வேண்டும்.

நம்ம பக்கம் பைக் விபத்து அடிக்கடி நடக்கிறது. தலையில் பலத்த அடி. மூளை முழுவதும், மூளைத்தண்டும் சேர்ந்து செத்துவிடுகிறது. வென்டிலேட்டர் மிஷின் காற்றைச் செலுத்துவதால் கொஞ்ச நேரம் நெஞ்சு ஏறி இறங்கும், இதயம் துடிக்கும், உடம்பு சூடாக இருக்கும். ஆனால் உயிர் இல்லை. கோமா வேறு. கோமாவில் மூளை உயிரோடு இருக்கிறது, பிழைத்து வரலாம். மூளைச்சாவில் திரும்பி வர வழியே இல்லை.

இந்த நேரத்தில் குடும்பம் சம்மதித்தால் இரண்டு சிறுநீரகம், கல்லீரல், இதயம், நுரையீரல், கண்கள் என்று ஒருவரால் பலர் பிழைக்க முடியும். 2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த ஹிதேந்திரன் என்ற 15 வயதுப் பையன் விபத்தில் மூளைச்சாவு அடைந்தான். பெற்றோர் இருவரும் டாக்டர்கள். பிள்ளையின் உறுப்புகளைத் தானம் செய்தார்கள். அவன் இதயத்தைப் போலீஸ் வழிவிட்டுக் கொண்டுபோய் ஒரு சிறுமிக்குப் பொருத்தினார்கள். தமிழ்நாடே அழுதது. அந்த வருஷம்தான் தமிழ்நாடு அரசின் தானத் திட்டமும் தொடங்கியது. 2024-இல் மட்டும் 268 குடும்பங்கள் இப்படித் தானம் செய்தன. அவற்றில் நம்மைப் போலக் கூலி வேலை செய்யும் குடும்பங்கள் பல.

கூட்டங்களில் நீங்கள் கேட்ட சந்தேகங்கள்

"காப்பாத்தக் கூடியவரையும் உறுப்புக்காக விட்டுடுவாங்களோ?" மூளைச்சாவை ஒரு டாக்டர் சொன்னால் போதாது. நான்கு டாக்டர்கள் கொண்ட குழு பரிசோதித்து, குறைந்தது ஆறு மணி நேரம் கழித்து மறுபடியும் பரிசோதித்து உறுதி செய்ய வேண்டும். மாற்று ஆபரேஷன் செய்யும் டாக்டர்கள் அந்தக் குழுவில் இருக்கக் கூடாது.

"உடம்பைச் சின்னாபின்னம் ஆக்கிடுவாங்களா?" மற்ற ஆபரேஷன் போலவே தைத்துத்தான் கொடுப்பார்கள். சடங்கு எல்லாம் செய்யலாம்.

"விபத்து கேஸ், பாடி கிடைக்க நாளாகுமே?" முன்பு இது பெரிய சிக்கல்தான். 2021 நவம்பரிலிருந்து ராத்திரியிலும் பிரேதப் பரிசோதனை செய்ய அனுமதி உண்டு. உறுப்பு தானம் செய்தவர்களுக்கு அதில் முன்னுரிமை.

"செலவு யார் தலையில்?" சம்மதம் கொடுத்த பிறகு உறுப்புகளைப் பாதுகாக்கவும் எடுக்கவும் ஆகும் செலவைத் தானம் செய்யும் குடும்பத்திடம் வாங்கக் கூடாது என்று விதி இருக்கிறது.

"நம்ம உறுப்பு பணக்காரனுக்குத்தானே போகும்?" இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. தானமாக வந்த இதயங்கள் வெளிநாட்டு நோயாளிகளுக்குப் போனது பற்றி 2018-இல் பெரிய சர்ச்சை வந்தது. தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையத்தில் பதிவு செய்த வரிசைப்படிதான் உறுப்பு ஒதுக்க வேண்டும். சென்னை, மதுரை போன்ற ஊர்களில் அரசு மருத்துவமனைகளிலேயே சிறுநீரக மாற்று ஆபரேஷன் நடக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலும் இதற்கு இடம் உண்டு. வரிசை ஒழுங்காக நடக்கிறதா என்று கேட்கும் உரிமை நமக்கு இருக்கிறது. கேட்டுக்கொண்டே இருப்போம்.

ஆபரேஷனோடு எல்லாம் முடிந்துவிடாது என்பதையும் சொல்லிவிடுகிறோம். மாற்று உறுப்பு பெற்றவர் ஆயுள் முழுக்க மாத்திரை சாப்பிட வேண்டும். நிறுத்தினால் உடம்பு அந்த உறுப்பை ஏற்காது. பணமில்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டு, கிடைத்த சிறுநீரகத்தையே இழந்தவர்கள் ஏழை நாடுகளில் ஏராளம். அதனால் நோய் வராமல் பார்ப்பதுதான் முதல் வேலை. சர்க்கரையும் பிரஷரும் பாருங்கள். உடம்பு வலிக்குது என்று கடையில் வலி மாத்திரையைத் தினமும் வாங்கிப் போடாதீர்கள். அதுவும் கிட்னியைக் கெடுக்கும்.

நாம் எடுக்க வேண்டிய தீர்மானங்கள்

பேசிவிட்டுக் கலைந்து போவதற்கு நாம் கூடவில்லை. ஐந்து தீர்மானங்களை உங்கள் முன் வைக்கிறோம். ஒவ்வொரு குழுவும் தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

1. இரண்டு தவணை தொடர்ந்து வரவில்லை என்றால் அபராதம் போடும் முன் அந்த உறுப்பினர் வீட்டுக்கு இரண்டு பேர் போய், என்ன கஷ்டம் என்று கேட்க வேண்டும். வாசலில் உட்காரும் பழக்கம் இன்றோடு போகட்டும்.

2. கூட்டமைப்பில் மருத்துவ அவசரக் கடனுக்கென்று தனியாக ஒரு தொகை ஒதுக்க வேண்டும்.

3. வெளிக்கடனை மறைக்காமல் குழுவில் சொல்ல வேண்டும். கந்து வட்டிக்கு எதிராக 2003-இலேயே சட்டம் வந்துவிட்டது. கடன் வசூல் என்று மிரட்டுவதைத் தடுக்க 2025-இலும் தமிழ்நாட்டில் சட்டம் வந்திருக்கிறது. மிரட்டினால் குழுவாகப் போய்ப் புகார் கொடுப்போம்.

4. கிட்னி, கல்லீரல் என்று பேசிக்கொண்டு எந்தத் தரகர் ஊருக்குள் வந்தாலும் அன்றே கூட்டமைப்புக்கும் போலீஸுக்கும் தகவல் சொல்ல வேண்டும்.

5. உறுப்பு தானம் பற்றி அவரவர் வீட்டில் ஒருமுறையாவது பேச வேண்டும். ஆதார் எண்ணை வைத்து இணையத்தில் உறுதிமொழி பதியலாம். ஆனால் பதிந்திருந்தாலும் அந்த நேரத்தில் குடும்பத்தைத்தான் கேட்பார்கள். வீட்டில் சொல்லி வைக்காத உறுதிமொழி பெட்டிக்குள் கிடக்கும் பத்திரம் மாதிரி. யாருக்கும் பயன்படாது.

கண் தானம் இதைவிட எளிது. வீட்டில் இயற்கையாக இறந்தாலும், வயதானவராக இருந்தாலும் செய்யலாம். ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். கண்ணை மூடி, ஈரப் பஞ்சு வைத்து, தலைக்குத் தலையணை கொடுத்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு, பக்கத்து அரசு மருத்துவமனைக்குத் தகவல் சொன்னால் போதும். வந்து எடுத்துக்கொள்வார்கள்.

உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடக்கும் என்று 2023 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு அறிவித்தது. கூலிக்காரர் வீட்டு வாசலுக்கு அதிகாரிகள் மாலையோடு வந்து நிற்கிறார்கள். தானத்துக்கு அந்த மரியாதை உண்டு. விற்பனைக்கு என்ன மிஞ்சும்? தழும்பும், தீராத கடனும்தான்.

சகோதரிகளே, பத்து ரூபாய், இருபது ரூபாய் என்று சேர்த்து நாம் குழு ஆரம்பித்தது எதற்கு? கந்து வட்டிக்காரன் வாசலில் நம்ம தாலியும் அண்டாவும் போகக் கூடாது என்பதற்காக. அப்படியிருக்க, நம்ம குழுத் தவணைக்காக ஒரு பெண்ணின் உடம்பே போகலாமா? அந்த நிலைமை நம்ம கூட்டமைப்பில் இனி ஒருத்திக்கும் வரக் கூடாது. வராமல் பார்த்துக்கொள்வது நம் எல்லோர் பொறுப்பு.

தீர்மானத்தை ஏற்பவர்கள் கையைத் தூக்குங்கள்.